ஆழ்ந்த இறங்கல்

செல்லத்துரை அண்ணன் இறந்த செய்தி எனக்கு எழுத்துப்பிழையோடுதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்ததால் அவர் மனைவி எஸ்தர் அழைத்த நான்கு அழைப்புகளும் எனக்குக் கேட்கவில்லை. கைகழுவிவிட்டுப் போனை எடுத்தால் நம் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் அவர் படம். கீழே, "நம் பள்ளியின் ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் திரு. செல்லத்துரை அவர்கள் நேற்று மாலை மீன் பிடிக்கச் சென்ற கண்மாயில் கால் தவறி விழுந்து காலமானார்" என்று ஒரு வரி. அதற்கும் கீழே கும்பிடும் கைகள். கைகளுக்கு நடுவே ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்த "ஆழ்ந்த இறங்கல்".

முப்பது வருடத்துக்கு மேல் உங்களுக்குத் தமிழ் நடத்தியவள் நான். சின்ன 'ர' போட்டால் இரங்கல், துக்கப்படுவது. பெரிய 'ற' போட்டால் இறங்கல், கீழே போவது. எத்தனை நோட்டில் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்! அந்த நேரத்திலும் என் விரல் அதைத் திருத்தத்தான் போனது. செத்துப்போனவர் யார் என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த விரல்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அந்த விரல் அன்று இதைவிடப் பெரிய தப்பும் செய்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நினைவு மலருக்கு எழுதித் தரும்படி பழைய மாணவர் சங்கச் செயலாளர் கேட்டார். "டீச்சர், ரெண்டு பக்கம் போதும். அண்ணனோட பொறுமையைப் பத்தி எழுதிக் குடுங்க. மீன் பிடிக்கிறவங்களுக்குப் பொறுமைதான டீச்சர் எல்லாம்?" என்றார். சரி என்று வைத்துவிட்டேன். பொறுமையாம். செல்லத்துரை அண்ணனை நம் பள்ளியில் பார்த்தவர்கள் யாராவது அந்த வார்த்தையை அவர்மேல் போர்த்துவார்களா? கண்ணாடிக் குடுவையைக் கழுவாமல் வைத்த இயற்பியல் வாத்தியாரை, தலைமையாசிரியர் முன்னாலேயே திரும்ப வரச்சொல்லிக் கழுவ வைத்தவர் அவர்.

அவர் மீன் பிடித்ததும் நீங்கள் நினைக்கிற மாதிரி மண்புழுவைக் கோத்துப் போட்டுவிட்டு மிதப்பைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற மீன்பிடி இல்லை. பொய்ப்பூச்சி கட்டிப் பிடிப்பது. முள்ளில் நூலையும் இறகையும் சுற்றி ஈ மாதிரி, கொசு மாதிரி ஒன்றைச் செய்து, நீளமான மூங்கில் கோலால் கனத்த நூலைப் பின்னால் ஒரு வீச்சு, முன்னால் ஒரு வீச்சு வீசி, பூச்சி தானாக வந்து தண்ணீரில் உட்கார்ந்த மாதிரி இறக்க வேண்டும். கொடைக்கானலுக்கும் மேலே உள்ள ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட டிரௌட் மீனை அப்படித்தான் பிடிப்பார்களாம். மே மாத விடுமுறையில் ஒரு வாரம் முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு அந்த ஓடைக்குப் போவார். மிச்ச பதினோரு மாதமும் அதற்கான பயிற்சி.

அந்தப் பயிற்சியை நீங்கள் எல்லோரும் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். பள்ளி விட்டதும் காய்ந்த மைதானத்தின் நடுவே நின்று கோலை வீசுவார். இருபது தப்படி தள்ளி ஒரு காம்பஸ் பெட்டி மூடியை வைத்து, அதற்குள் பூச்சியை விழவைக்கப் பார்ப்பார். முள் இருக்காது, வெறும் நூல் முடிச்சுதான். "என்ன மாப்ள, கிரவுண்டுல கெண்டை துள்ளுதா?" என்று விளையாட்டு வாத்தியார் ஒருநாள் கேட்டார். அடுத்த வீச்சில் நூல் போய் அவர் வாயில் இருந்த விசிலைத் தட்டிவிட்டது. குறிபார்த்துச் செய்தாரா, தற்செயலா என்று கடைசிவரை சொல்லவில்லை. அன்று நான் கேட்டேன், "இம்புட்டுப் பொறுமை எங்கேயிருந்துண்ணே வருது?" என்று. என்னைப் பார்த்து முறைத்தார். "பொறுமையா காத்திருக்கிறவன் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவன் டீச்சர். நான் காத்திருக்கல. பார்த்துக்கிட்டிருக்கேன். ரெண்டும் ஒண்ணா?" என்றார்.

பூச்சி கட்டுவதை வேதியியல் ஆய்வகத்தில் செய்வார். சோதனைக்குழாயைப் பிடிக்கிற இடுக்கியில் முள்ளை மாட்டிக்கொண்டு, செல்லூர்த் தறிக்கூடத்தில் குப்பைக்குப் போகும் கழிவு நூலையும் கறிக்கடையில் கேட்டு வாங்கிய நாட்டுச்சேவல் கழுத்து இறகையும் வைத்துச் சுற்றுவார். என் ஊதாப் பட்டுச்சேலை முந்தியிலிருந்தும் ஒரு சாண் நூல் போயிருக்கிறது, எனக்குத் தெரியாமல். இதைப் பற்றி ஒரு பத்திரிகைக்காரர் வந்து கேட்டு எழுதினார். மறுநாள் தலைப்பு, "பறக்கும் மீன்களைப் பிடிக்கும் மதுரைக்காரர்". ஈ என்ற பொருளில் அண்ணன் ஆங்கிலத்தில் 'ஃபிளை' என்று சொன்னதை எழுதியவர் பறக்கவிட்டுவிட்டார். பள்ளியே உருண்டு சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அந்த அலுவலகத்துக்கே போய், திருத்தம் போடுவதாக எழுதி வாங்கிக்கொண்டுதான் வந்தார். "விட்டுத் தள்ளுங்கண்ணே, யார் இதையெல்லாம் நம்பப் போறா?" என்றேன். "அச்சுல வந்துட்டா அதுதான் டீச்சர் நடந்தது. நாளைக்கு நானே மறுத்தாலும் நான்தான் பொய்யன்" என்றார். எனக்கு அப்போது அது வீம்பாகத்தான் பட்டது.

ஒரு வருடம் மே மாதம் நானும் என் கணவரும் அவர்களோடு அந்த ஓடைக்குப் போனோம். கரையில் உட்கார்ந்து எஸ்தரும் நானும் கடலை தின்றுகொண்டு பார்த்தோம். தெளிந்த தண்ணீர், முழங்கால் ஆழம், அடியில் பாசிபிடித்த உருண்டைக் கற்கள். என் கணவர் இரண்டு எட்டு வைத்ததும் தொப்பென்று உட்கார்ந்தார். செல்லத்துரை அண்ணன் அந்தத் தண்ணீரில் மூன்று மணி நேரம் நடந்தார். ஒருதடவை கூடத் தடுமாறவில்லை. முன்காலைத் தேய்த்து நகர்த்தி, விரலால் தடவி, அது ஊன்றியது உறுதியான பிறகுதான் பின்காலை எடுப்பார். அவர் கண் ஒருதரம் கூடக் கீழே போகவில்லை, மேலே மீன் வாய் வைக்கிற இடத்தில்தான் இருந்தது. கால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. அன்று இரண்டு மீன் கிடைத்தது. எஸ்தர் மிளகு தடவிப் பொரித்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்க ஒன்றும் மிஞ்சவில்லையே என்று என் கணவர் வழியெல்லாம் புலம்பினார்.

கீழே வரும் பேருந்தில் அந்த நடை எங்கே கற்றது என்று கேட்டேன். அவர் அப்பா கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாமல் கூலி வேலை பார்த்தவர். மலைக்குப் பிழைக்கப் போன இடத்தில் ஒரு துரையிடம் சேர்ந்தார். துரை மீன் பிடிக்கப் போகும்போது கோலும் வலையும் சுமப்பது வேலை. ஓடையின் ஆழமான இடத்தில் துரையின் பூட்ஸ் நனையக் கூடாது என்பதற்காக அவரையும் முதுகில் சுமந்து அக்கரை சேர்க்க வேண்டும். "எங்கப்பா முதுகுல ஒரு ஆளு. கையில கோலு. அடியில வழுக்குப் பாறை. கால் தவறுனா வேலை போயிரும், அடியும் விழும். பதினெட்டு வருசம் சுமந்தாரு டீச்சர். ஒருக்காக்கூடத் தவறல. அந்தாளு ஊருக்குப் போறப்ப கோலைக் குடுத்துட்டுப் போனான். பெரிய மனசுன்னு எல்லாரும் சொன்னாங்க. எங்கப்பா சொல்லல" என்றார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நடையைக் கற்ற அண்ணனின் காலைத்தான் தவறியது என்று எழுதினார்கள். போலீஸ் புகாரில் அப்படி எழுதியது யார் என்று கேட்டால், நான்.

அன்று மதியம் பிணவறை வாசலில் எஸ்தர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் இருவரும் வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். புகார் எழுதிக் கொடுத்தால்தான் பிரேதப் பரிசோதனை என்றார் ஏட்டையா. கெட்ட மனிதர் இல்லை. எஸ்தருக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். "அம்மா, நீங்க டீச்சரா? நல்லதாப் போச்சு. இந்தா மாதிரி இருக்கு, இதைப் பார்த்து எழுதுங்க, அந்தம்மா கையெழுத்துப் போடட்டும். சாயங்காலத்துக்குள்ள பாடியை வாங்கிட்டுப் போயிரலாம்" என்று ஒரு தாளை நீட்டினார். அதில் இருந்தது இதுதான்: "என் கணவர் மீன் பிடிக்கும்போது கால்த் தவறி நீரில் விழுந்து இறந்துவிட்டார். அவர் இறப்பில் எனக்கு யார் மீதும் சந்தேகம் இல்லை."

எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்களாம். பாம்பு கடித்தாலும் சுவர் இடிந்தாலும் கடைசி வரி அதுதானாம். 'கால்த் தவறி' என்பதில் ஒற்று மிகாது என்று அந்தத் 'த்'தை எடுத்துவிட்டு அழகாக எழுதினேன். கையெழுத்துப் போடும்போது எஸ்தர் கேட்டார், "டீச்சர், இவுக காலு எப்படி டீச்சர் தவறும்?" என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இப்ப அதெல்லாம் யோசிக்காத எஸ்தர், முதல்ல கையெழுத்தைப் போடு" என்றேன். புருஷனைப் பறிகொடுத்தவள் கேட்ட ஒரே நல்ல கேள்வியை, படித்த நான் அடக்கிவிட்டேன். ஒற்றுப்பிழையைத் திருத்திவிட்டுப் பொய்யை அப்படியே விட்டேன்.

மூன்றாம் நாள் நானும் எஸ்தரும் அவருடைய மூத்த மகளும் அந்தக் கண்மாய்க்குப் போனோம். அவர் பிறந்த ஊர்க் கண்மாய். சிறுவயதிலிருந்து அவர் கால் படாத இடம் அதில் கிடையாது. கரை முழுக்கக் கருவேல மரம். பின்னால் மரம் இருந்தால் பின்வீச்சு வீச முடியாது, நூல் சிக்கிக்கொள்ளும். அதனால்தான் அவர் முழங்கால் ஆழத்துக்கு உள்ளே இறங்கி நின்றுகொண்டு கெண்டைக்கு வீசுவார். அன்றும் அப்படித்தான் இறங்கியிருக்கிறார். தண்ணீர் கலங்கலாக, அமைதியாக இருந்தது. ஒரு எச்சரிக்கைப் பலகை இல்லை, ஒரு தடுப்புக் கயிறு இல்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாண்டியம்மாள் என்ற பெண் எங்களைப் பார்த்து வந்தார். அண்ணனை வெளியே எடுத்தவர்களில் அவர் மகனும் ஒருவர். "போன கோடையில பொக்லைன் வச்சு ராவும் பகலும் மண்ணை அள்ளுனாங்கம்மா. மூணடிக்குத்தான் அனுமதின்னாங்க. பனைமரம் நின்னா முங்குற ஆழத்துக்குத் தோண்டிட்டுப் போயிட்டாங்க. மழை பெஞ்சு நெறைஞ்சிருச்சு, மேல பார்த்தா ஒண்ணும் தெரியாது. என் ஆடு ரெண்டு போனப்பவே சொன்னோம், யாரு கேட்டா?" என்றார். பிறகு எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவரு வழுக்கி விழுகலம்மா. நின்ன எடமே சரிஞ்சிருச்சு. எம்மகன் முங்கிப் பார்த்தான். தொடைவரைக்கும் மண்ணு அமுக்கியிருந்துச்சாம். நாலு பேரு சேந்து மண்ணைப் பறிச்சுத்தான் காலை உருவுனாங்க."

தேய்த்து நகர்ந்து, தடவிப் பார்த்து, ஊன்றித்தான் நின்றிருக்கிறார். நீச்சலும் தெரியும். காலுக்குக் கீழே இருந்த தரைதான் பொய்த் தரை. குழியின் விளிம்பு அவரோடு சேர்ந்து உள்ளே போய், அவர்மேலேயே விழுந்திருக்கிறது. நம் வாட்ஸ்அப் குழு தெரியாமல் எழுதிய 'இறங்கல்' சரிதான், தெரிந்து எழுதிய என் புகார்தான் தப்பு. எஸ்தர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. "தவறல. பார்த்தீங்களா டீச்சர், தவறல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அந்தத் தண்ணீரைப் பார்த்துத் திட்டினேன். வகுப்பில் நான் ஒருநாளும் சொல்லாத வார்த்தைகள். அவர் மகள் என் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

அந்த மண்ணை அள்ளிய லாரிகளின் சொந்தக்காரன் உங்களில் ஒருவன். பெயரை இங்கே எழுதமாட்டேன், எழுத வேண்டிய இடத்தில் எழுதியிருக்கிறேன். செல்லத்துரை அண்ணனிடம் அமிலமும் காரமும் வாங்கிச் செய்முறைத் தேர்வு எழுதித் தேறியவன். நினைவுக் கூட்டத்துக்கு வந்த மாலைகளில் பெரியது அவனுடையது. மேடையில் நின்று "அண்ணனின் பொறுமை நமக்கெல்லாம் பாடம்" என்று சொல்லி இரண்டு நிமிட மௌனம் அனுசரிக்கச் சொன்னான். எல்லோரும் எழுந்தீர்கள். நான் எழவில்லை. மூட்டுவலி என்று நினைத்திருப்பீர்கள். இல்லை.

அவனே மறுநாள் எனக்குப் போன் செய்தான். "டீச்சர், நானும் அவர்கிட்ட வளர்ந்த பிள்ளைதான். எல்லாத்துக்கும் பர்மிட் இருக்கு டீச்சர். விதி, என்ன செய்யிறது?" என்றான். "எத்தனை அடிக்குப் பர்மிட்டு?" என்று கேட்டேன். "தப்பா சொன்னா வெட்கப்படாத, ஆனா பதில் சொல்லு" என்று வகுப்பில் கேட்கிற மாதிரியே மறுபடியும் கேட்டேன். "டீச்சர், அந்தம்மாவே சந்தேகம் இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்காங்க, உங்க கையெழுத்துலதான் இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டான். மதிப்பெண் போட வேண்டிய பதில்தான். என் அழகான கையெழுத்து அவனுக்குக் கேடயமாக நிற்கிறது. 'கால் தவறி' என்ற அந்த இரண்டு வார்த்தை புகாரில் இருக்கிறவரை குழி யாருடையதும் இல்லை. அடுத்து விழுகிறவருக்கும் கால்தான் தவறும்.

பத்திரிகை அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பெழுதிப் போன மனிதரை அன்று வீம்பு பிடித்தவர் என்று நினைத்தேனே, அந்த வெட்கத்தோடுதான் உட்கார்ந்து புதிய மனு எழுதினேன். எஸ்தருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. எஸ்தருடையதில் நடந்ததைக் கேட்டு எழுதினேன், ஒரு வார்த்தை நான் சேர்க்கவில்லை. பாண்டியம்மாளின் மகனும் அன்று கூடச் சேர்ந்து காலை உருவிய மூவரும் தங்கள் வாக்குமூலத்தைத் தனியே தந்திருக்கிறார்கள். என்னுடையதில், முதல் புகாரை எழுதியது நான், எழுதியது தப்பு, அதை ஏட்டையா தந்த தாளைப் பார்த்து யோசிக்காமல் எழுதினேன் என்று எழுதினேன். தமிழாசிரியை தன் பிழையைத் தானே சுழித்துக் காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குப் புரிய நியாயமில்லை.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனோம். வெயிலில் நீண்ட வரிசை. எஸ்தரின் மனுவை உடனே வாங்கிக்கொண்டார்கள். என்னுடையதைப் பார்த்த அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். "இறந்தவருக்கு நீங்க என்ன வேணும்?" என்றார். கூட வேலை பார்த்தேன் என்றேன். "கூட வேலை பார்த்தா மனுக் குடுக்க முடியுமா? சொந்தக்காரங்க குடுத்துட்டாங்கள்ல? இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல்? உறவுன்னு போட்ட இடத்துல ஒண்ணுமே எழுதலையே" என்றார். பின்னால் நின்றவர்கள் பார்த்தார்கள். ஒரு பெண், ஒரு ஆண், உறவு இல்லை என்றால் நம் ஊர்க் கண்கள் எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்கும் தெரியும். கோபத்தோடு பேனாவை எடுத்துக்கொண்டு அந்தக் காலி இடத்தைப் பார்த்தேன்.

செயலாளர் கேட்டார், அண்ணனின் நினைவாக என்ன வைத்திருக்கிறீர்கள், படம் எடுத்து மலரில் போடலாம் என்று. கோல் மகளிடம் இருக்கிறது. பூச்சிகள் இருந்த தகர டப்பாவை எஸ்தர் தரவந்தார், நான் வாங்கவில்லை. எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. படம் எடுக்கிற மாதிரி என்னிடம் ஒன்றுமில்லை. என்னிடம் இருப்பது எஸ்தர் அன்று ஆட்சியர் அலுவலகத்தில் எனக்குக் கொடுத்ததுதான். என் கையிலிருந்த பேனாவை வாங்கி, தையல் வேலையில் ஊசிகுத்தித் தழும்பேறிய விரல்களால், என் மனுவில் உறவு என்று காலியாக இருந்த அந்த இடத்தில் அவராகவே ஒரு வார்த்தை எழுதினார். 'சாட்சி' என்று. பிழையில்லாமல் எழுதியிருந்தார். அலுவலர் அதை வாசித்தார், எங்கள் இருவரையும் பார்த்தார், மனுவுக்கு எண் போட்டுக் கொடுத்தார்.